தரச் சான்றிதழுக்குப் பணம் கட்டும் முன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) முடிவு வெளியானதும் நாளிதழ்களில் பயிற்சி விளம்பரங்கள் வரிசை கட்டி நிற்கும். கொஞ்ச காலமாக அந்த வரிசையில் தர நிர்வாகப் பயிற்சிகளும் சேர்ந்துகொண்டன. ஐந்தே நாளில் ஐஎஸ்ஓ லீட் ஆடிட்டர் (தலைமைத் தணிக்கையாளர்), இரண்டு நாளில் சிக்ஸ் சிக்மா (உற்பத்திக் குறைபாடுகளைக் குறைக்கும் முறை) பெல்ட், அனைத்துலகச் சான்றிதழுக்கு உத்தரவாதம் என்ற ரீதியில் அவை வருகின்றன. பாடாங் செராய், லூனாஸ் வட்டாரத் தோட்டங்களிலிருந்து கூலிம் ஹைடெக் பார்க்குக்கும் சுங்கைப்பட்டாணித் தொழிற்சாலைகளுக்கும் பஸ் ஏறும் நம் பிள்ளைகளில் கியூசி எனும் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருப்பவர்கள் பலர். ஒரு காலத்தில் கிராணி வேலைக்கு இருந்த மவுசு இன்று கியூசி வேலைக்கு வந்திருக்கிறது. அதனால் கடன் வாங்கியாவது, நகையை அடகு வைத்தாவது இந்த வகுப்புகளுக்குச் சில ஆயிரம் வெள்ளி கட்டிவிடுகிறார்கள். கட்டும் முன் தெரிந்திருக்க வேண்டியவற்றை, இத்துறையில் வேலை செய்பவர்கள் என்ற முறையில் எழுதுகிறோம்.

முதலில், சான்றிதழ் என்று அச்சிட்ட தாள்கள் எல்லாம் ஒரே ஜாதி அல்ல. வகுப்பில் உட்கார்ந்ததற்குக் கொடுப்பது வருகைச் சான்றிதழ். வகுப்பு முடிவில் பரீட்சை எழுதித் தேறியவருக்குக் கொடுப்பது தேர்ச்சிச் சான்றிதழ். மூன்றாவது வகைதான் தொழில் சான்றளிப்பு. தேர்வைப் பயிற்சியிலிருந்து பிரித்து வைத்திருக்கும் ஓர் அமைப்பு உங்கள் வேலை அனுபவத்தைச் சரிபார்க்கும், தேர்வு வைக்கும், பதிவேட்டில் பெயர் ஏற்றும், பெரும்பாலும் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை புதுப்பிக்கவும் சொல்லும். டிரைவிங் ஸ்கூல் வகுப்புக்குப் போய்வந்த எல்லாருக்கும் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) லைசென்ஸ் கொடுத்துவிடுவதில்லை. அதே கதைதான் இங்கும். விளம்பரத்தில் இருப்பது இந்த மூன்றில் எது என்று கேட்டாலே பாதி விளம்பரங்களுக்குப் பதில் தடுமாறும்.

ஆட்களுக்குச் சான்றளிக்கும் அமைப்புகள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கே ஐஎஸ்ஓ/ஐஇசி 17024 என்று ஒரு தரநிலை இருக்கிறது. குறிப்பிட்ட ஒரு வகுப்பில் படித்தால் சான்றிதழ் சுலபமாகக் கிடைக்கும், மலிவாகக் கிடைக்கும் என்று சொல்லவோ சாடையாகக் காட்டவோ கூடாது என்று அதில் விதி உண்டு. 'எங்களிடம் வந்தால் பாஸ் நிச்சயம்' என்பவர்கள் இந்த விதியோடு முட்டுகிறார்கள். இன்னொன்று: ஜெனீவாவில் இருக்கும் ஐஎஸ்ஓ அமைப்பு தரநிலைகளை எழுதி வெளியிடுகிறதே தவிர, யாருக்கும் சான்றிதழ் கொடுப்பதில்லை. ஐஎஸ்ஓ 9001 நிறுவனங்களுக்கான தரநிலை. அதற்குச் சான்றளிப்பவை சிரிம் கியூஏஎஸ் போன்ற சான்றளிப்பு நிறுவனங்கள். தனி ஆள் ஒருவர் 'ஐஎஸ்ஓ 9001 சான்று பெற்றவர்' என்று அட்டை அடித்துக்கொண்டால், விஷயம் தெரிந்த மேலாளர் முன்னால் அது எடுபடாது.

லீட் ஆடிட்டர் வகுப்பைக் குறை சொல்லவில்லை. நல்ல வகுப்புதான். ஏறத்தாழ 40 மணி நேரம், வழக்கமாக ஐந்து நாள் நடக்கும். தினமும் மதிப்பீடு, கடைசியில் எழுத்துத் தேர்வு. தேர்வில் தவறினால் வருகைச் சான்றிதழோடு வீட்டுக்கு வர வேண்டியதுதான். தேறினாலும், இங்கிலாந்தின் ஐஆர்சிஏ போன்ற தணிக்கையாளர் பதிவு அமைப்பின் பதிவேட்டில் தணிக்கையாளராக ஏற வேலை அனுபவமும், உண்மையில் நடத்திய தணிக்கைகளின் குறிப்பேடும் கேட்பார்கள். ஆறு மாதமே லைனில் நின்ற பையனுக்கு அந்தக் குறிப்பேட்டில் எழுத ஒன்றும் இருக்காது. அவன் வேலை செய்யும் ஆலைக்குள் தணிக்கை செய்ய இரண்டு நாள் உள்தணிக்கை வகுப்பு போதும். அதை முதலாளியே ஏற்பாடு செய்வது வழக்கம்.

பெல்ட் விஷயம் இன்னும் குழப்பம். சிக்ஸ் சிக்மா 1980களில் மோட்டோரோலாவில் பிறந்தது. பெல்ட் கொடுக்க உலகம் முழுமைக்கும் ஒரே அதிகாரம் என்று எதுவும் கிடையாது; யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். அதனால் கொடுப்பவர் யார், என்ன கேட்டுவிட்டுக் கொடுக்கிறார் என்பதில்தான் மதிப்பு இருக்கிறது. அமெரிக்காவின் ஏஎஸ்கியூ எனும் தரத் துறை அமைப்பு கிரீன் பெல்ட்டுக்கே மூன்றாண்டு வேலை அனுபவம் கேட்கிறது. பிளாக் பெல்ட்டுக்கு முடித்த திட்டங்கள் இரண்டு, அவற்றுக்குக் கையெழுத்திட்ட உறுதிமொழியோடு; அல்லது ஒரு திட்டமும் மூன்றாண்டு அனுபவமும். இரண்டு நாளில் பிளாக் பெல்ட் கொடுப்பவர் இதில் எதைக் கேட்டார்?

இனி உள்ளே போவோம். நேர்முகத் தேர்வில் நம் பிள்ளைகள் விழும் இடம் பெரும்பாலும் அடிப்படைக் கணக்கு. கையுறை ஆலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு லாட்டில், அதாவது ஒரு தொகுப்பில், ஒன்றரை லட்சம் கையுறை. மாதிரி எடுத்துச் சோதிப்பதற்கான ஐஎஸ்ஓ 2859-1 அட்டவணையில், பொது ஆய்வு நிலை 1, சாதாரண ஆய்வு, ஒற்றை மாதிரி என்று போனால் குறியீட்டு எழுத்து 'எல்', மாதிரி 200. ஏகியூஎல் எனும் ஏற்கத்தக்க தர எல்லை 1.5 என்றால் ஓட்டை 7 வரை ஏற்கலாம். 8 வந்தால் லாட் ரிஜெக்ட். ஒவ்வொரு கையுறையிலும் 1,000 மில்லிலிட்டர் தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டு, ஊற்றியதும் ஒரு முறை, இரண்டு நிமிடம் கழித்து மறு முறை பார்க்க வேண்டும். மணிக்கட்டு விளிம்பிலிருந்து ஏறத்தாழ 4 சென்டிமீட்டருக்குள் வரும் கசிவு கணக்கில் சேராது.

எங்கே கெடும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். ஊற்றும்போது வெளிப்புறம் நனைந்துவிட்டால் இல்லாத ஓட்டை தெரியும். அதனால் துடைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். ஷிப்ட் முடியும் நேரத்தில் இரண்டு நிமிடம் அரை நிமிடமாகச் சுருங்கும். ஊசிமுனை ஓட்டையில் ஒரு சொட்டு திரளுவதற்கே நேரம் பிடிக்கும் என்பதால் அந்த அவசரத்தில் தப்புவது அதுதான். எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, 8 வந்ததும் அதே லாட்டிலிருந்து இன்னொரு 200 எடுத்துச் சோதித்து, இரண்டாவது தடவை 6 வந்தால் பாஸ் போடுவது. பல இடங்களில் இது வழக்கமாகவே ஆகிவிட்டது. ஏன் கூடாது என்று கேட்டால் பதில் சொல்லத் தெரிந்தவர் குறைவு. 5 விழுக்காடு ஓட்டையுள்ள மோசமான லாட்கூட 200 மாதிரித் திட்டத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு முறை தப்பிவிடும். அதற்கு இரண்டாவது வாய்ப்பும் கொடுத்தால் ஐந்தில் இரண்டு முறை தப்பும். தண்ணீர்ச் சோதனை மேசையில் நிற்பவருக்கு இந்தக் கணக்கு தெரிந்திருந்தால், சூப்பர்வைசர் 'இன்னொரு தடவை எடுத்துப் பார்' என்று சொல்லும்போது வாயைத் திறக்கக் காரணம் இருக்கும். ஏகியூஎல் 1.5 என்றால் நூற்றுக்கு ஒன்றரை ஓட்டை அனுமதி என்று புரிந்துகொள்வதும் தவறு. தொடர்ச்சியாக லாட்கள் வரும்போது, சராசரியாக இதைவிட மோசமாகாமல் இருக்க வேண்டும் என்று வகுத்த எல்லை அது. தனியொரு லாட்டுக்கு அது எந்த உத்தரவாதமும் தருவதில்லை.

இன்னோர் உரைகல்: பெல்ட் வைத்திருப்பவரிடம் ஐந்து ஐந்தாக எடுத்த மாதிரிகளுக்கு, உற்பத்தி நிலையாக ஓடுகிறதா என்று காட்டும் கட்டுப்பாட்டு வரைபடம் போடச் சொல்லுங்கள். கையுறை எடையின் மொத்தச் சராசரி 3.50 கிராம், வீச்சுகளின் (ஒவ்வோர் ஐந்திலும் பெரியதுக்கும் சிறியதுக்கும் உள்ள வித்தியாசம்) சராசரி 0.20 கிராம் என்றால், ஐந்து மாதிரிக்கு அட்டவணை தரும் ஏ2 மாறிலி 0.577. இரண்டையும் பெருக்கினால் 0.115. எல்லைகள் 3.385, 3.615. தாளில் இரண்டு நிமிட வேலை. இதற்குப் பதிலாக வாடிக்கையாளர் கொடுத்த ஸ்பெக்கை எல்லைக் கோடாக வரைந்தால் அவர் வகுப்பில் என்ன செய்தார் என்று தெரிந்துவிடும். ஸ்பெக் வாடிக்கையாளரின் தேவை. கட்டுப்பாட்டு எல்லை இயந்திரமே தன் போக்கைச் சொல்வது. ஒன்றின் மேல் ஒன்றை வரைந்தால் இயந்திரம் தடம் மாறுவது கடைசிவரை கண்ணில் படாது.

தொழிற்சாலைக்குப் போகாமல் செம்பனை ஆலையிலேயே இருப்பவர்களுக்கும் இதே அடிப்படை வேண்டும். லாரி வந்ததும் குலைகளைத் தரம் பிரிக்கும் கிரேடர்கள் இருவரை ஒப்பிட்டுப் பார்த்த ஆலைகள் எத்தனை? பழுத்த குலை என்றால் பழம் உதிர்ந்த புதுக் குழி பத்தாவது இருக்க வேண்டும், பாதிக்கு மேற்பட்ட பழங்கள் குலையிலேயே ஒட்டியிருக்க வேண்டும் என்பது மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியமான எம்பிஓபி வகுத்த அளவுகோல். எட்டுக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் குழி உள்ள குலைகளில்தான் இருவர் கண்ணும் வேறுபடும். 50 குலைகளுக்கு எண் போட்டு, ஒருவர் முடிவு மற்றவருக்குத் தெரியாமல் தரம் பிரிக்கச் செய்யுங்கள். இருவரும் பழுத்தது என்றவை 36, இருவரும் பழுக்காதது என்றவை 6, ஒருவர் மட்டும் பழுத்தது என்றவை இந்தப் பக்கம் 4, அந்தப் பக்கம் 4 என்று வைத்துக்கொள்வோம். 50-ல் 42, அதாவது 84 விழுக்காடு ஒத்துப்போகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பத்தில் எட்டைப் பழுத்தது என்று சொல்லும் பழக்கம் இருவருக்கும் இருப்பதால், கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே 68 விழுக்காடு ஒத்துப்போயிருக்கும். மீதமிருந்த 32-ல் அவர்கள் கூடுதலாகச் சேர்த்தது 16; தற்செயல் ஒப்புதலைக் கழித்துப் பார்க்கும் காப்பா அளவு 0.5. வாகனத் தொழில்துறையின் கையேட்டில் 0.75-க்கு மேல் இருந்தால்தான் நல்ல ஒப்புதல் என்கிறார்கள். கிரேடரைத் திட்டுவதற்கு முன், சரியான மாதிரிக் குலைகளின் படங்களைத் தரம் பிரிக்கும் தளத்தில் மாட்டி, அதே 50 குலைகளை மறுபடியும் பார்க்கச் செய்ய வேண்டும். சிறு தோட்டக்காரருக்குக் கிடைக்கும் விலை இதில் தொங்குகிறது என்பதால் இதற்கு இவ்வளவு இடம் எடுத்துக்கொண்டோம்.

அடுத்தது எழுத்து. தரத் துறையில் பாதி வேலை எழுத்து வேலை. உள்தணிக்கையில் குறைபாட்டு அறிக்கை எழுதும்போது 'கேலிபிரேஷன் (கருவி அளவுச் சரிபார்ப்பு) சரியில்லை, ஆபரேட்டர் கவனக்குறைவு' என்று எழுதினால் அதை வைத்து யாரும் எதையும் திருத்த முடியாது. அறிக்கையில் மூன்று பகுதி வேண்டும்: எது தேவை, என்ன கண்டீர்கள், ஆதாரம் எது. இப்படி எழுதலாம்: 'ஐஎஸ்ஓ 9001:2015 பிரிவு 7.1.5.2-இன்படி அளவுக் கருவிகள் குறித்த இடைவெளியில் சரிபார்க்கப்பட வேண்டும். கருவி எண் கியூசி-014, டிஜிட்டல் கேலிப்பர், மார்ச் 12-இல் காலாவதி. ஏப்ரல் 3-இல் லைன் 3-இல் பயன்பாட்டில் இருந்தது. அன்றைய ஆய்வுப் பதிவில் அந்த எண் உள்ளது.' தேதி, எண், இடம், பதிவு எல்லாம் இருப்பதால் இதை யாரும் மறுக்க முடியாது.

இதற்கு வரும் பதிலைப் பார்த்தால் ஆலையின் தரம் தெரிந்துவிடும். 'மூல காரணம்: ஆபரேட்டர் அலட்சியம். நடவடிக்கை: மறுபயிற்சி.' நாட்டில் எழுதப்படும் பதில்களில் இதைவிடச் சலித்துப்போன ஒன்று இருக்காது. ஆபரேட்டருக்கு அந்தக் கருவியின் காலாவதி எப்படித் தெரியும்? பட்டியல் ஸ்டோர் கணினியில் இருக்கிறது. ஸ்டிக்கர் அழிந்துபோயிருக்கிறது. காலாவதியான கருவியை லைனிலிருந்து எடுத்துவரும் பொறுப்பு யார் பேரிலும் எழுதப்படவில்லை. காரணம் அங்கே இருக்கிறது. அதைவிட முக்கியம், கருவியை உடனே சரிபார்க்க வேண்டும். அது அளவு தவறாமல் இருந்தால் பழைய அளவீடுகள் நிற்கும். தவறியிருந்தால், கடைசியாகச் சரியென்று தெரிந்த நாளிலிருந்து அதைக் கொண்டு அளந்த பொருள்கள் என்ன ஆயின என்று பார்ப்பது தரநிலையின் கட்டாயம். இந்த இரண்டாவது பாதியை மறந்து, ஸ்டிக்கரை மட்டும் மாற்றிவிட்டுக் கோப்பை மூடுகிறார்கள்.

இந்த அடிப்படை வந்த பிறகு சான்றளிப்புக்கு வழி என்ன? எஸ்பிஎம்மோடு நின்றவர்களுக்கு நாங்கள் முதலில் காட்டுவது மலேசியத் திறன் சான்றிதழான எஸ்கேஎம். 2006-ஆம் ஆண்டுத் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் வருவது. மனிதவள அமைச்சின் திறன் மேம்பாட்டுத் துறை, அதாவது ஜேபிகே கொடுப்பது. நிலை 1 முதல் 3 வரை எஸ்கேஎம், 4 டிப்ளோமா, 5 உயர் டிப்ளோமா. வேலையில் இருப்பவர்கள் வகுப்புக்குப் போகாமலே, பிபிடி என்ற முன்னனுபவ அங்கீகாரத்தின் வழி இதற்கு விண்ணப்பிக்கலாம். உங்கள் வேலைக்கான என்ஓஎஸ்எஸ் தொழில் தரநிலை இருக்கிறதா என்று ஜேபிகே பதிவேட்டில் பார்த்து, அதில் சொன்ன ஒவ்வொரு வேலைக்கும் ஆதாரம் காட்டும் கோப்பு தயாரிக்க வேண்டும். நேரில் படிக்க விரும்புவோருக்கு நம் பக்கத்திலேயே கூலிம் அட்டெக், சுங்கைப்பட்டாணி கிஸ்மெக் ஆகிய பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. பினாங்குக்குப் போக முடிந்தவர்களுக்கு 1989-இல் தொடங்கிய பிஎஸ்டிசி எனும் திறன் மேம்பாட்டு மையம்.

ஏஎஸ்கியூ சான்றிதழ்களுக்கு அடுத்த கட்டத்தில் போகலாம். 1946-இல் தொடங்கிய அமைப்பு. அடிப்படை நிலையில் சிகியூஐஏ எனும் தர மேம்பாட்டு உதவியாளர் சான்றிதழ் இருக்கிறது. உயர்நிலையில் எல்லாரும் அறிந்தது சிகியூஇ, தரப் பொறியாளர் சான்றிதழ். பட்டம் இல்லாவிட்டாலும் இதற்கு உட்கார முடியும் என்பது நம்மவர்கள் பலருக்குத் தெரியாது. துறையில் எட்டாண்டு அனுபவம், அதில் மூன்றாண்டு முடிவெடுக்கும் பொறுப்பு. தொழில்நுட்பப் பள்ளி டிப்ளோமா இருந்தால் ஓராண்டு குறையும், இளங்கலைப் பட்டம் இருந்தால் நான்காண்டு குறையும். முடிவெடுக்கும் பொறுப்பு என்றதும் மேனேஜர் நாற்காலி என்று நினைத்து ஒதுங்கிவிடுகிறார்கள். ஒரு வேலையை அல்லது செயல்முறையை வகுத்து, நடத்தி, கட்டுப்படுத்தி, அதன் விளைவுக்குப் பொறுப்பேற்பதுதான் அவர்கள் கேட்பது. ஆய்வுத் திட்டத்தை வகுத்து நடத்தி, லாட்டை ஹோல்டில் போட்டு, விடுவிக்கவும் அதிகாரம் பெற்ற லைன் லீடர் இதற்கு விண்ணப்பித்துப் பார்க்கலாம். ஆதாரம் மட்டும் வேண்டும்.

தேர்வு ஆங்கிலத்தில், கணினியில். 175 கேள்வி, அவற்றில் மதிப்பெண்ணுக்கு 160, மீதி 15 சோதனைக் கேள்விகள், எது எதுவென்று சொல்ல மாட்டார்கள். நேரம் 5 மணி 18 நிமிடம். ஒரு கேள்விக்கு 110 வினாடிகூட இல்லை. 750-க்கு 550 எடுத்தால் தேர்ச்சி. புத்தகம் பார்த்து எழுதலாம் என்பதைக் கேட்டு ஏமாறாதீர்கள். ஒரு பெட்டி நிறையப் புத்தகம் கொண்டுபோய், தேடிக்கொண்டே நேரத்தைத் தொலைப்பவர்கள்தான் அதிகம் தோற்கிறார்கள். ஒரே ஒரு கையேடு, அதன் ஓரத்தில் நீங்களே ஒட்டிய பிரிவுத் தாள்கள், முன்பக்கத்தில் நீங்களே எழுதிய அட்டவணை எண்கள், அவ்வளவு போதும். பாடத்திட்டத்தை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அதில் ஒவ்வொரு பகுதிக்கும் எத்தனை கேள்வி, நினைவில் வைத்திருந்தால் போதுமா, பகுத்துப் பார்க்கத் தெரிய வேண்டுமா என்பதுவரை குறித்திருக்கும். ஆகப் பெரிய பங்கு புள்ளியியலுக்கு, 160-ல் 36. கணக்கு வராது என்று அதை ஒதுக்கிவிட்டு நிர்வாகத் தத்துவங்களை மனப்பாடம் செய்தால் தேற முடியாது. ஆங்கிலத்துக்குப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கேள்விகளின் நடை எளிது, சொற்களஞ்சியம் சிறிது. துறைச் சொற்கள் ஒரு முந்நூறைத் தெளிவாக அறிந்திருந்தால் மீதி தானாக வரும்.

தேறிய பிறகும் மூன்றாண்டுக்கு ஒரு முறை 18 புதுப்பிப்புப் புள்ளிகள் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் மறுபடியும் தேர்வு. வேலை, வகுப்பு, பாடம் எடுத்தல் ஆகியவற்றுக்குப் புள்ளி உண்டு. இங்கிலாந்தின் சிகியூஐ எனும் தரத் துறைக் கழகத்தின் வழியும் இருக்கிறது. 1919-இல் தொடங்கி 2006-இல் அரச சாசனம் பெற்ற அமைப்பு. உறுப்பினர் தகுதியை அனுபவத்தையும் திறனையும் மதிப்பிட்டுக் கொடுக்கிறது. ஐரோப்பிய நிறுவனங்களில் வேலை தேடுவோருக்குப் பயன்படும்.

எந்த வழியில் போனாலும் கேட்கப்போவது ஆதாரம். அதை எட்டாண்டு கழித்துத் தேடினால் கிடைக்காது. சூப்பர்வைசர் வேலை மாறியிருப்பார், ஆலையே கைமாறியிருக்கும். வேலையில் சேர்ந்த மாதத்திலிருந்தே ஒரு கோப்பு போடுங்கள். நியமனக் கடிதம், பதவி உயர்வுக் கடிதம், வேலை விவரப் படிவம், கலந்துகொண்ட வகுப்புகள், அவற்றோடு மாதம் ஒரு பக்கம்: என்ன பிரச்சினை, எந்தக் கருவியால் அளந்தீர்கள், முன்பு எத்தனை விழுக்காடு ரிஜெக்ட், பின்பு எத்தனை, முடிவெடுத்தது யார். மூன்று மாதத்துக்கு ஒரு முறை மேலதிகாரியின் கையெழுத்தை வாங்கிவிடுங்கள். ஒன்று எச்சரிக்கை: வாடிக்கையாளர் பெயர், வரைபடம், விலை, ஆய்வு அறிக்கையின் நகல் எதுவும் கோப்பில் இருக்கக் கூடாது. கைப்பேசியில் லைனைப் படம் எடுத்து வைத்துக்கொள்வது வேலையையே பறித்துவிடும். எண்களை உங்கள் சொந்த நடையில் எழுதி, வெளியே காட்டலாம் என்று மேலதிகாரியிடம் ஒப்புதல் வாங்குவதே பாதுகாப்பு.

பிளாக் பெல்ட்டுக்குக் காட்டத் திட்டம் எங்கே கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு, பல ஆலைகளில் கேஐகே எனும் புத்தாக்க, ஆக்கத்திறன் குழுக்கள் இயங்குகின்றன. எம்பிசி எனும் மலேசிய உற்பத்தித்திறன் கழகம் இவற்றுக்கு வட்டார, தேசிய மாநாடுகள் நடத்துகிறது. ஓவர்டைம் போகிறதே என்று இதில் சேராமல் இருப்பவர்கள், அந்தத் திட்டத்தைத் தாங்களே கைவிடுகிறார்கள்.

பணம் பற்றி. பத்து அல்லது அதற்கு மேற்பட்ட மலேசியர்களை வேலைக்கு வைத்திருக்கும், சட்டத்தின் கீழ் வரும் முதலாளி, ஊழியர்களின் மாதச் சம்பளத்தில் 1 விழுக்காட்டுக்குச் சமமான தொகையை எச்ஆர்டி கோர்ப் எனும் மனிதவள மேம்பாட்டுக் கழகத்துக்கு லெவியாகக் கட்ட வேண்டும். 2001-ஆம் ஆண்டுச் சட்டம் அது. 2021 மார்ச் முதல் மேலும் பல துறைகளுக்கு விரிந்தது. அந்த லெவி முதலாளியின் பொறுப்பு, உங்கள் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. அந்தப் பணம் பயிற்சிக்குத்தான் இருக்கிறது. உங்கள் மனிதவளப் பிரிவில் போய், 'இந்த வகுப்பு எச்ஆர்டி கோர்ப்பில் கோரக்கூடியதா, என்னை அனுப்புவீர்களா' என்று எழுத்தில் கேளுங்கள். வகுப்பு தொடங்கும் முன்பே முதலாளி விண்ணப்பித்து ஒப்புதல் வாங்க வேண்டும். போய்வந்த பிறகு ரசீதை நீட்டினால் ஒன்றும் நடக்காது. பெரும்பாலோர் தவறவிடும் இடம் இதுதான். கைக்காசு போடுவதற்கு முன் எச்ஆர்டி கோர்ப்பின் இ-லத்தே தளத்தில் இலவசமாக இருப்பதையும் பார்த்துவிடுங்கள்.

முதலாளிமார்களுக்கும் ஒன்று. ஐஎஸ்ஓ 9001 பிரிவு 7.2 திறமை பற்றிப் பேசுகிறது. ஆளை வகுப்புக்கு அனுப்பி, வருகைத் தாளைக் கோப்பில் வைத்துவிட்டால் அந்தப் பிரிவு நிறைவேறிவிட்டது என்று நினைக்கிறீர்கள். பயிற்சியால் பலன் கிடைத்ததா என்று மதிப்பிட வேண்டும் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. வகுப்பு முடிந்த மாலையில் 'சாப்பாடு நன்றாக இருந்ததா' ரகப் படிவத்தை நிரப்பச் செய்வது மதிப்பீடு ஆகாது. மூன்று மாதம் கழித்து அவரை ஒரு குறைபாட்டு அறிக்கை எழுதச் சொல்லிப் படித்துப் பாருங்கள், தெரிந்துவிடும்.

ஆசிரியர் அவர்களே, விளம்பரங்களை நிறுத்தச் சொல்லவில்லை; நாளிதழுக்கும் வருமானம் வேண்டும். தர நிர்வாகப் பயிற்சி விளம்பரம் கொடுப்பவரிடம் நான்கு விவரங்களைக் கேட்டு வாங்கி, விளம்பரத்திலேயே அச்சிடுங்கள்: கடைசியில் கிடைப்பது வருகைச் சான்றிதழா, தேர்ச்சிச் சான்றிதழா, தொழில் சான்றளிப்பா, அதைக் கொடுக்கும் அமைப்பு எது, தகுதிக்கு எத்தனை ஆண்டு அனுபவம் தேவை, எச்ஆர்டி கோர்ப்பில் கோர முடியுமா. இந்த நான்கில் ஒன்றுக்குப் பதில் இல்லாவிட்டாலும் அந்த இடத்தை வெற்றாக விட்டு அச்சிடுங்கள். படிக்கிறவர்கள் மீதியைப் பார்த்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
தர நிர்வாகப் பணியாளர்கள் சிலர்,
பாடாங் செராய், கெடா.